முதுகைத் தொட்டுப் பார்த்தவர்கள்

இருட்டறையில் எக்ஸ்ரே படம் கழுவிய காலத்தைப் பற்றிப் போன பதிவில் எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு நண்பர்கள் மூவர் போனில் பேசினார்கள். மூவரும் அறுபத்தைந்தைத் தாண்டியவர்கள். மூவருக்கும் இடுப்பு வலி. மூவருமே எம்.ஆர்.ஐ. எடுத்து, அந்தப் பெரிய கவரைப் பீரோவுக்கு மேல் வைத்திருக்கிறார்கள். "நீங்கள் ஒரு தரம் பார்த்துச் சொல்லுங்களேன்" என்றார்கள்.

நான் படம் எடுத்தவன். அரசு மருத்துவமனை எக்ஸ்ரே பிரிவில் முப்பத்து நான்கு வருடம் அதுதான் வேலை. படத்தைப் படித்து முடிவு சொல்வது மருத்துவர் வேலை. அதைச் சொல்லிவிட்டு, மூவரிடமும் ஒன்று கேட்டேன்: "டாக்டர் உங்கள் முதுகைத் தொட்டுப் பார்த்தாரா?" இருவர் இல்லை என்றார்கள். மூன்றாமவர், "அதுதான் படமே இருக்கிறதே, தொட்டுப் பார்ப்பது எதற்கு?" என்றார்.

நியாயமான கேள்விதான். வாழ்நாள் முழுக்கப் படம் எடுத்துச் சம்பளம் வாங்கிய நானே தொட்டுப் பார்ப்பதற்கு வக்காலத்து வாங்குவது வேடிக்கையாகவும் இருக்கலாம். ஆனால் ஓய்வு பெற்ற பிறகு இந்த விஷயத்தைப் பற்றி நிறையப் படித்தேன். முதுகைச் சோதிப்பதற்கு இவ்வளவு நீண்ட கதை இருக்கும் என்று வேலையில் இருந்தபோது எனக்குத் தெரியாது. அதைத்தான் இந்தப் பதிவில் சொல்லப் போகிறேன்.

1862இல் எகிப்தில் லக்சர் என்ற ஊரில் எட்வின் ஸ்மித் என்ற அமெரிக்கர் ஒரு பழைய பாப்பிரஸ் சுருளை விலைக்கு வாங்கினார். கி.மு. 1600 வாக்கில் எழுதப்பட்ட படி அது. அதன் மூலம் இன்னும் பழையது என்கிறார்கள் அறிஞர்கள். ஜேம்ஸ் பிரெஸ்டெட் என்பவர் அதை மொழிபெயர்த்து 1930இல் வெளியிட்டார். உள்ளே மந்திர தந்திரம் மிகக் குறைவு. அடிபட்டு வந்த 48 பேரைப் பற்றிய குறிப்புகள்தான் இருக்கின்றன, தலையில் ஆரம்பித்துக் கீழே இறங்கும் வரிசையில். ஒவ்வொன்றும் ஒரே மாதிரி போகிறது. இப்படி அடிபட்டவனைச் சோதித்தால் இன்னின்னது காண்பாய், அவனிடம் இன்னது சொல், இன்னது செய். கடைசியில் ஒரு தீர்ப்பு: குணப்படுத்தலாம், போராடிப் பார்க்கலாம், அல்லது ஒன்றும் செய்வதற்கில்லை.

அதில் கழுத்து முள்ளெலும்பு விலகிய ஒருவன் வருகிறான். கையும் காலும் இருப்பதே அவனுக்குத் தெரியவில்லை, சிறுநீர் தன்னறியாமல் சொட்டுகிறது. ஒன்றும் செய்வதற்கில்லை என்று தீர்ப்பு. கழுத்தில் பட்ட அடிக்கும் காலில் வந்த விளைவுக்கும் அந்த மனிதர் முடிச்சுப் போட்டுவிட்டார் பாருங்கள். தண்டுவடம் என்ற ஒன்றைப் பற்றி அன்றைக்கு யாருக்கும் முழுதாகத் தெரியாது. கண்ணால் பார்த்ததை வைத்தே எழுதியிருக்கிறார்.

கடைசியாக, 48ஆவதாக வருபவன் நம்மைப் போன்ற ஆள். முதுகு பிடித்துக்கொண்டு வந்தவன். இரண்டு காலையும் நீட்டச் சொல், பிறகு மடக்கச் சொல் என்கிறது குறிப்பு. நீட்டினால் வலி தாங்காமல் உடனே மடக்கிக்கொள்வானாம். இவனைக் குணப்படுத்தலாம், மல்லாக்கப் படுக்க வை என்று சொல்லி, அடுத்து என்ன செய்வது என்று ஆரம்பித்த இடத்தில் எழுத்து பாதி வாக்கியத்தில் நின்றுவிடுகிறது. படி எடுத்தவர் ஏனோ முடிக்கவில்லை.

அடுத்த கதை கி.பி. இரண்டாம் நூற்றாண்டு ரோமாபுரியில் நடந்தது. காலன் என்ற புகழ்பெற்ற மருத்துவரிடம் பௌசானியாஸ் என்ற அறிஞர் வருகிறார். இடது கையில் சுண்டு விரலும் மோதிர விரலும் மரத்துப் போயிருந்தன, நடுவிரலில் பாதியும் சேர்ந்து. அதற்குமுன் பார்த்த மருத்துவர்கள் மரத்துப்போன விரலுக்கே மருந்து போட்டுக்கொண்டிருந்தார்கள். பலன் இல்லை. காலன் விரலை விட்டுவிட்டு, எங்கேயாவது அடிபட்டதா என்று கேட்டார். வண்டியிலிருந்து விழுந்ததில் மேல்முதுகில் கல் குத்தியதாக அவர் சொன்னார். அந்த விரல்களுக்குப் போகும் நரம்பு கழுத்தின் அடியில் புறப்படுகிறது என்று காலனுக்குத் தெரியும். விரலுக்குப் போட்டுக்கொண்டிருந்த மருந்தை முதுகில் அந்த இடத்தில் போடவைத்தார். குணமாயிற்று என்று அவரே எழுதி வைத்திருக்கிறார்.

மருந்து என்ன, அது வேலை செய்ததா, தானாகவே சரியானதா என்பது வேறு விஷயம். வலிக்கிற இடம் ஒன்று, நோய் இருக்கிற இடம் இன்னொன்று என்று அவர் கண்டுகொண்டாரே, முதுகுச் சோதனைக்கு அடிப்படையே அதுதான்.

இனி ஒரேயடியாக 1779ஆம் வருடத்து லண்டனுக்குப் போகலாம். அங்கே செயின்ட் பார்த்தலோமியூ மருத்துவமனையில் பெர்சிவல் பாட் என்ற அறுவை மருத்துவர் இருந்தார். முதுகில் கூன் விழுந்து, கூடவே கால்களும் விழுந்துபோனவர்களைப் பற்றி அந்த வருடம் ஒரு சிறு நூல் எழுதினார். பக்கவாதத்தில் கால் துவண்டுவிடும்; இவர்களுடைய கால்களோ விறைத்து நிற்கின்றன, ஆகவே இது வேறு நோய் என்று பிரித்துக் காட்டினார். முள்ளெலும்பு அரித்துப்போவதுதான் அடிப்படைக் கோளாறு, கூன் அதன் விளைவு என்றும் சொன்னார். அவர் செய்த சிகிச்சையைக் கேட்டால் நமக்கு நடுங்கும். கூனின் இரண்டு பக்கமும் புண் உண்டாக்கிச் சீழ் வடிய விடுவார். ஆனால் அவருடைய கண் சரியாகத்தான் பார்த்தது. நம் பெரியவர்கள் எலும்புருக்கி என்று சொன்ன காசநோய்தான் அந்த எலும்பையும் அரித்திருந்தது. ராபர்ட் கோக் காசநோய்க் கிருமியைக் கண்டுபிடித்தது 1882இல், அதாவது பாட் எழுதி நூறு வருடத்துக்குப் பிறகு. முதுகெலும்புக் காசநோய்க்கு மருத்துவர்கள் இன்றும் 'பாட் நோய்' என்றே பெயர் சொல்கிறார்கள்.

இப்போது பள்ளிக்கூடங்களில் பிள்ளைகளைக் குனியச் சொல்லி முதுகைப் பார்க்கும் சோதனை ஒன்று உண்டு. நேராக நிற்கும்போது தெரியாத பக்கவாட்டு வளைவு, குனிந்தால் ஒரு பக்க விலா மேடாகத் தூக்கி நிற்பதில் தெரிந்துவிடும். இதன் பின்னால் ஒரு டைனோசர் கதை இருக்கிறது. கிடியன் மாண்டெல் இங்கிலாந்தில் கிராமப்புற வைத்தியர், ஓய்வு நேரத்தில் பாறைகளைத் தோண்டுபவர். இகுவானடான் என்ற பிரம்மாண்டமான பழங்காலப் பிராணிக்கு 1825இல் பெயர் சூட்டியவர் அவர்தான். டைனோசர் என்ற சொல்லே அப்போது பிறக்கவில்லை. 1841இல் குதிரை வண்டி விபத்தில் மாட்டிக்கொண்டார். அதன் பிறகு முதுகு வலியும் கால் மரப்பும் அவரை விடவில்லை. முதுகின் கீழே ஒரு பக்கமாகத் தெரிந்த மேட்டை எல்லாரும் கட்டி என்றே நினைத்தார்கள். வலிக்கு அபின் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர், 1852இல் அதுவே அளவு மீறிப்போய் இறந்தார்.

இறந்த பிறகு அறுத்துப் பார்த்தால் கட்டியே இல்லை. முதுகெலும்பு பக்கவாட்டில் பயங்கரமாக வளைந்து, முறுக்கிக்கொண்டும் இருந்தது. முறுக்கியதால் எலும்பின் பக்கக் கொம்புகள் பின்னால் தள்ளிக்கொண்டு கட்டி போலத் தெரிந்திருக்கின்றன. நடுவில் கைக்குத் தட்டுப்படும் முள் நுனிகள் மட்டும் கிட்டத்தட்ட நேர்கோட்டில் இருந்தன. அதனால்தான் உயிரோடிருந்தபோது யாருக்கும் சந்தேகம் வரவில்லை. அந்த முதுகெலும்பை ஆராய்ந்த வில்லியம் ஆடம்ஸ் என்ற மருத்துவர், நிற்க வைத்து மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவோம் என்று புரிந்துகொண்டார். முதுகெலும்பு வளைவு பற்றி அவர் எழுதிய நூல் 1865இல் வந்தது. குனிய வைத்துப் பார்க்கும் சோதனைக்கு இன்றும் அவர் பெயர்தான்.

இடுப்பிலிருந்து தொடை வழியாகக் காலுக்கு மின்சாரம் பாய்வது போல இறங்கும் வலியை நம்மில் பலர் அனுபவித்திருப்போம். சயாட்டிகா என்பார்கள். நோயாளியை மல்லாக்கப் படுக்க வைத்து, முழங்காலை மடக்காமல் குதிகாலைப் பிடித்து மெல்லத் தூக்குவார் மருத்துவர். பாதி உயரம் போவதற்குள் வலி முழங்காலுக்குக் கீழே வெட்டி இழுத்தால் நரம்பு வேர் அழுந்துகிறது என்று சந்தேகப்படலாம். முழங்காலை மடக்கிவிட்டுத் தூக்கினால் அந்த வலி வராது. இதற்குப் பாரிஸ் மருத்துவர் சார்லஸ் லசேக்கின் பெயரைத்தான் புத்தகங்கள் சொல்கின்றன. சயாட்டிகா பற்றி 1864இல் அவர் எழுதியது உண்மை. ஆனால் அந்தக் கட்டுரையில் இந்தச் சோதனை இல்லை! அவருடைய மாணவர் ஃபோர்ஸ்ட் 1881இல் தன் ஆய்வேட்டில் இதை விவரித்து, குருவுக்குச் சமர்ப்பித்துவிட்டார்.

அதற்கு ஒரு வருடம் முன்னால், 1880இலேயே, செர்பியாவின் பெல்கிரேடில் லாசா லாசரேவிச் என்ற இளம் மருத்துவர் ஆறு நோயாளிகளை வைத்து இதையே எழுதியிருந்தார். காரணத்தையும் சரியாகச் சொன்னார்: காலைத் தூக்கும்போது நரம்பு இழுபடுகிறது, அதனால் வலிக்கிறது. பாரிஸ்காரர்களோ சதை நரம்பை அமுக்குகிறது என்று நினைத்தார்கள். லாசரேவிச் எழுதியது செர்பிய மொழியில். 1884இல் ஜெர்மனில் வந்த பிறகுதான் வெளியுலகம் கவனித்தது. அதற்குள் பெயர் வேறொருவருக்குப் போய்விட்டது. சின்ன மொழியில் எழுதினால் இப்படித்தான் போலும். லாசரேவிச் தன் நாட்டில் சிறந்த சிறுகதை எழுத்தாளரும்கூட. நாற்பது வயதை எட்டாமலே இறந்துவிட்டார்.

அதே காலத்தில்தான் சுத்தியலும் வந்தது. முழங்கால் சிப்பிக்குக் கீழே தட்டினால் கால் துள்ளுகிறது என்பதை 1875இல் ஜெர்மனியில் வில்ஹெல்ம் எர்ப், கார்ல் வெஸ்ட்ஃபால் என்ற இருவர் தனித்தனியே கண்டு, ஒரே இதழில் வெளியிட்டார்கள். 1896இல் பாரிஸில் ஜோசப் பாபின்ஸ்கி உள்ளங்காலைக் கவனித்தார். உள்ளங்காலின் ஓரமாகக் குதிகாலிலிருந்து மேல்நோக்கிக் கீறினால், பெரியவர்களுக்குக் கட்டைவிரல் கீழ்நோக்கி மடங்கும். மூளையிலிருந்து தண்டுவடம் வழியாக வரும் பாதை எங்கேனும் கெட்டிருந்தால் கட்டைவிரல் மேலே எழும்பும். ஒரு பக்கம்கூட நிரம்பாத குறிப்பில் இதைச் சொல்லிவிட்டார். செலவே இல்லாத சோதனை. ஒரு சாவி போதும்.

இதில் ஒரு கணக்கு இருக்கிறது. தண்டுவடம் முதுகெலும்புக்குள் கடைசி வரை வருவதில்லை. இடுப்பின் முதல் முள்ளெலும்பு அளவில் முடிந்துவிடுகிறது. அதற்குக் கீழே நரம்புகள் குதிரை வால் போலக் கற்றையாகத் தொங்குகின்றன. எனவே கால் துவண்டு, முழங்கால் துள்ளாமல் இருந்தால் கோளாறு பெரும்பாலும் இடுப்பில், அந்த வால் பகுதியில். கால் விறைத்து, முழங்கால் அதிகமாகத் துள்ளி, கட்டைவிரல் மேலே எழும்பினால் கோளாறு அதற்கு மேலே. நடுமுதுகாக இருக்கலாம், கழுத்தாக இருக்கலாம். இடுப்பைப் படம் எடுத்துப் பயனில்லை.

பாபின்ஸ்கி எழுதியதற்கு முந்தின வருடம், 1895 நவம்பர் 8 அன்று, ராண்ட்ஜன் எக்ஸ்ரேயைக் கண்டுபிடித்திருந்தார். நான் சோறு தின்றது அந்தக் கண்டுபிடிப்பால். அதனால் எக்ஸ்ரேயின் குணம் எனக்கு நன்றாகத் தெரியும். நாம் எங்கே கதிரை நிறுத்துகிறோமோ அந்த இடத்தை மட்டும் காட்டும். எங்கே நிறுத்த வேண்டும் என்று அதற்குத் தெரியாது. மருத்துவர் எழுதிக் கொடுக்கும் சீட்டுதான் அதைச் சொல்ல வேண்டும்.

எண்பதுகளின் தொடக்கத்தில் நடந்தது. வயல் வேலைக்குப் போகிற இளைஞர், இருபத்தைந்து வயது இருக்கும். இரண்டு மாதமாக முதுகு வலி, சாயங்காலமானால் லேசான காய்ச்சல். அப்புறம் கால் பின்ன ஆரம்பித்தது. உலக்கை உருட்டிப் பார்த்தாயிற்று, காலால் பிறந்தவரைக் கொண்டு மிதிக்கவும் வைத்தாயிற்று. ஓர் இடத்தில் 'இடுப்பு முள்ளெலும்பு, இரண்டு கோணம்' என்று சீட்டு எழுதிக் கொடுத்தார்கள். அங்கேயே படமும் எடுத்தார்கள். படம் சுத்தம். வாயுப் பிடிப்பு என்று மாத்திரை கொடுத்து அனுப்பிவிட்டார்கள். மூன்று வாரம் கழித்து அண்ணன் தோளைப் பிடித்துக்கொண்டு எங்கள் மருத்துவமனைக்கு வந்தார்.

எங்களிடம் வயதான எலும்பு மருத்துவர் ஒருவர் இருந்தார். அதிகம் பேசமாட்டார். பழைய படத்தைக் கையில் வாங்கி, பார்க்காமலே மேஜையில் வைத்தார். "சட்டையைக் கழற்றுப்பா" என்றார். இளைஞரை ஸ்டூலில் உட்காரவைத்து, முதுகை ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பினார். கழுத்தின் அடியிலிருந்து இரண்டு விரலை வைத்து மெதுவாகக் கீழே இறக்கினார். நடுமுதுகில் விரல் நின்றது. திரும்ப மேலே போய் மறுபடி இறக்கினார். அதே இடத்தில் நின்றது. "வலிக்குதா?" என்று அழுத்தினார். இளைஞர் நெளிந்தார். அப்புறம் படுக்கவைத்து முழங்காலைத் தட்டினார். மேஜைச் சாவியை எடுத்து உள்ளங்காலில் கீறினார். இரண்டு கட்டைவிரலும் மேலே எழும்பின.

எனக்கு வந்த சீட்டில் 'எட்டாவது முதுகு முள்ளெலும்பை நடுவில் வைத்துப் பக்கவாட்டுப் படம்' என்று இருந்தது. எடுத்தேன். ஈரம் காயாத படத்தை வெளிச்சப் பெட்டியில் மாட்டியபோது எனக்கே தெரிந்தது. இரண்டு முள்ளெலும்புகள் அரித்து, நடுவில் இருக்க வேண்டிய இடைவெளியே இல்லாமல் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்திருந்தன. பெர்சிவல் பாட் சொன்ன அதே நோய். முதலில் எடுத்த படம் பொய் சொல்லவில்லை. அதன் மேல் விளிம்புக்கு நான்கு எலும்பு மேலே இருந்த நோயை அது எப்படிக் காட்டும்?

காசநோய் மாத்திரையும் படுக்கையுமாகச் சில மாதம். பிறகு அவர் நடந்தே வந்து மறுபடம் எடுத்துக்கொண்டு போனார். முதுகில் சிறு மேடு மட்டும் தங்கிவிட்டது.

இந்த நோய்க்கு எல்லாருக்கும் அறுவைச் சிகிச்சை வேண்டுமா என்ற கேள்விக்கு உலகத்துக்கு விடை சொன்ன ஊர்களில் நம்ம சென்னையும் ஒன்று. 1970களில் இங்கே 304 நோயாளிகளை வைத்து ஓர் ஆய்வு தொடங்கினார்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சேர்ந்து நடத்தியது. ஒரு பகுதியினருக்கு அறுவைச் சிகிச்சையோடு ஆறு மாதம் மாத்திரை. மற்றவர்களுக்கு நடமாடிக்கொண்டே ஆறு அல்லது ஒன்பது மாதம் மாத்திரை மட்டும். பத்து வருடம் விடாமல் பின்தொடர்ந்து 1999இல் முடிவு வெளியிட்டார்கள். அறுவை செய்துகொண்டவர்களில் நூற்றுக்கு 90 பேர் நலம். மாத்திரை மட்டும் ஆறு மாதம் சாப்பிட்டவர்களில் 94 பேரும், ஒன்பது மாதம் சாப்பிட்டவர்களில் 99 பேரும் நலம். பதினைந்து வயதுக்கு உட்பட்டு, ஆரம்பத்திலேயே கூன் 30 டிகிரிக்கு மேல் இருந்த பிள்ளைகளுக்கு மட்டும் ஆறு மாத மாத்திரை போதவில்லை, கூன் வளர்ந்தது. நடக்கவே முடியாமல் கால் முழுக்க விழுந்துவிட்டவர்களை இந்த ஆய்வில் சேர்க்கவில்லை. ஆகவே ஆள் நடமாடும்போதே நோயைக் கண்டுபிடித்தால் மாத்திரையிலேயே பிழைத்துக்கொள்ளலாம். அப்படிக் கண்டுபிடிக்க முதலில் ஒருவர் முதுகைத் தடவிப் பார்க்க வேண்டும்.

சரி, நம் வயதுக்காரர்களின் 'ஜவ்வு விலகல்' கதைக்கு வருகிறேன். எக்ஸ்ரேயில் எலும்பு தெரியும், ஜவ்வு தெரியாது. முள்ளெலும்புகளுக்கு நடுவே இருக்கும் அந்த வட்டு பிதுங்கி நரம்பை அமுக்குவதால்தான் பலருக்குக் காலில் வலி இறங்குகிறது என்பது 1934 வரை தெளிவாகவில்லை. அந்த வருடம் அமெரிக்காவில் பாஸ்டன் நகர மருத்துவர்கள் மிக்ஸ்டர், பார் இருவரும் அதை எழுதினார்கள். அதுவரை அறுவையில் எடுத்த துண்டைக் குருத்தெலும்புக் கட்டி என்றே நினைத்திருந்தார்கள். லாசரேவிச் காலைத் தூக்கிப் பார்த்ததன் முழு அர்த்தமும் ஐம்பது வருடம் கழித்து இப்படித்தான் விளங்கியது.

எண்பதுகளில் எம்.ஆர்.ஐ. வந்தது. ஜவ்வு, நரம்பு, தண்டுவடம் எல்லாவற்றையும் காட்டியது. உண்மையிலேயே அற்புதமான கருவி, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் 1994இல் அமெரிக்காவில் ஒரு காரியம் செய்தார்கள். முதுகு வலியே இல்லாத 98 பேருக்கு எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள். அவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு, 52 சதவீதம் பேருக்கு, ஏதாவது ஒரு வட்டு பிதுங்கியிருந்தது. எல்லா வட்டும் ஒழுங்காக இருந்தது வெறும் 36 சதவீதம் பேருக்கு. மற்றவர்கள் ஜவ்வுக் கோளாறோடு ஒரு வலியும் இல்லாமல் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

தலை நரைப்பது போல ஜவ்வும் தேயும். படத்தில் தேய்மானம் தெரிவதால் அதுதான் வலிக்குக் காரணம் என்று ஆகிவிடாது. வலது காலில் வலிக்கிறவருக்குப் படத்தில் இடது பக்கம் பிதுக்கம் இருந்தால் என்ன முடிவு செய்வது? வலிக்கிற பக்கமும், மரத்த இடமும், பலம் குறைந்த விரலும், படத்தில் தெரியும் இடமும் ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போகிறதா என்று தெரிய வேண்டுமானால் தொட்டுப் பார்த்தே ஆக வேண்டும். போனில் கேட்ட நண்பருக்கு என் பதில் இதுதான்.

ஒழுங்கான சோதனை எப்படி இருக்கும் என்று சொல்கிறேன், பத்துப் பதினைந்து நிமிடம் ஆகும். முதலில் நடக்கச் சொல்வார்கள். குதிகாலால் நட, நுனிக்காலால் நட என்பார்கள். குதிகால் நடை முடியாவிட்டால் ஒரு நரம்பு வேர், நுனிக்கால் நடை முடியாவிட்டால் இன்னொரு வேர். பின்னால் நின்று தோளும் இடுப்பும் சமமா என்று பார்ப்பார்கள். குனிய வைப்பார்கள். இளைஞர்களுக்குக் காலையில் முதுகு விறைப்பு இருந்தால், இடுப்பில் பத்து சென்டிமீட்டர் இடைவெளியில் இரண்டு புள்ளி வைத்து, குனியும்போது அது எவ்வளவு நீள்கிறது என்று தையல்காரர் டேப்பால் அளப்பார்கள். 1937இல் ஷோபர் என்ற ஜெர்மானியர் சொன்ன முறை. நன்றாக வளையும் முதுகில் சுமார் பதினைந்தாக நீளும். பிறகு முள் முள்ளாகத் தடவி, தட்டிப் பார்ப்பது. படுக்க வைத்துக் காலைத் தூக்குவது. கட்டைவிரலை மேலே தூக்கச் சொல்லி எதிர்த்து அழுத்துவது. சுத்தியலால் தட்டுவது. உள்ளங்காலைக் கீறுவது.

நம் வயதுக்கு இன்னும் இரண்டு உண்டு. தொடை மூட்டைச் சுழற்றிப் பார்க்க வேண்டும், ஏனென்றால் தொடை மூட்டுத் தேய்மானம் இடுப்பு வலியாக வேஷம் போடும். பாதத்தில் நாடி பார்க்க வேண்டும். கொஞ்ச தூரம் நடந்தால் கால் கடுத்து நின்றுவிடுகிறது என்பவருக்கு ரத்தக் குழாய் அடைப்பாகவும் இருக்கலாம், முதுகெலும்புக் குழாய் சுருக்கமாகவும் இருக்கலாம். நடந்தால் வலிக்கிறது, முன்னால் சாய்ந்து சைக்கிள் மிதித்தால் வலிக்கவில்லை என்று நீங்கள் சொல்லும் ஒரு வார்த்தை, மருத்துவருக்குப் பெரிய துப்பு.

கை எல்லாவற்றையும் கண்டுபிடித்துவிடும் என்று நான் சொல்லவில்லை. குழாய் சுருங்கிய முதியவர்களுக்குக் காலைத் தூக்கினால் வலிக்காமலே போகலாம். வயதானவர்களுக்குக் கணுக்கால் துள்ளல் இயல்பாகவே குறைந்துவிடும். அதனால்தான் படமும் வேண்டும். வாசலில் நூறு பேர் காத்திருக்கும்போது ஒருவருக்குப் பதினைந்து நிமிடம் கொடுப்பது மருத்துவருக்கும் கஷ்டம்தான், அதையும் முப்பத்து நான்கு வருடம் பார்த்திருக்கிறேன்.

ஆனால் நம் பக்கத்திலிருந்து சிலவற்றைச் செய்யலாம். முதுகு வலிக்குப் போகும்போது எளிதில் கழற்றும் சட்டையும் வேட்டியுமாகப் போங்கள். பெண்கள் கூட ஒருவரை அழைத்துக்கொண்டு போனால் சங்கோஜம் குறையும். வலி எங்கே ஆரம்பித்து எங்கே இறங்குகிறது, எந்த விரல் மரக்கிறது என்று விரலால் தொட்டுக் காட்டுங்கள். கவரை நீட்டுவதற்கு முன் இதைச் சொல்லுங்கள். 'ஒரு தரம் தொட்டுப் பார்த்துச் சொல்லுங்கள் டாக்டர்' என்று மரியாதையாகக் கேட்பதில் தவறே இல்லை. அறுவைச் சிகிச்சை என்று பேச்சு வந்தால் கட்டாயம் கேளுங்கள்.

சில விஷயங்களில் மட்டும் காத்திருக்கவே கூடாது. சிறுநீர் போக முடியாமல் அடைத்துக்கொண்டாலோ, தன்னறியாமல் போனாலோ, உட்காரும் இடம் மரத்துப்போனாலோ, இரண்டு காலும் பலம் குறைந்தாலோ அன்றைக்கே பெரிய மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். ராத்திரி என்றாலும் விடியட்டும் என்று இருக்காதீர்கள். முதுகு வலியோடு மாலைக் காய்ச்சல், எடை குறைதல் இருந்தாலும், முன்பு புற்றுநோய் வந்தவருக்குப் புதிதாக முதுகு வலி வந்தாலும், கீழே விழுந்த பிறகு வலி தொடங்கினாலும் தள்ளிப்போடாமல் காட்டுங்கள். இதையெல்லாம் நம் வயதுக்காரர்கள் வெட்கப்பட்டு வீட்டில் சொல்லாமல் இருந்துவிடுகிறோம். தயவுசெய்து சொல்லுங்கள்.

நண்பர்கள் மூவரில் ஒருவர் அடுத்த வாரம் மருத்துவரைப் பார்க்கப் போகிறார். இந்தப் பதிவை அவருக்கு முதலில் அனுப்புகிறேன். உங்கள் அனுபவங்களையும் எழுதுங்கள். அடுத்த பதிவில், எங்கள் எக்ஸ்ரே பிரிவில் ஈயக் கவசம் வந்த கதையைச் சொல்கிறேன்.